கம்பளிக்காரர் வீட்டின் வயது

வியாழக்கிழமை வந்த அழைப்பிதழில் என் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பெருமை ஏறக்குறைய நான்கு வினாடிகள் நீடித்தது. பிறகு மற்ற வரிகளைப் படித்தேன்.

ஆல்டர்ஹேம் ஊரில் கம்பளிக்காரர் வீடு என்று பெயர்பெற்ற பழைய வீட்டில் ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்குக் கல்வெட்டு திறக்கிறார்கள். கல்லின் படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். கறுப்புக் கல். அதில் வெட்டியிருந்தது: "கி.பி. 1412. இம்மாவட்டத்தின் மிகப் பழைய மரச்சட்ட வீடு. மரவளைய ஆய்வால் உறுதி செய்தவர் டாக்டர் டாம்சின் பெல்லோ."

நான் டாக்டர் இல்லை. அந்த வீடு 1412இல் கட்டப்பட்டதும் இல்லை. உறுதி செய்தது மட்டும் உண்மை. ஆனால் நான் உறுதி செய்தது வேறொரு வருடத்தை.

என் வேலை எளிமையானது. ஓக் மரம் வருடத்துக்கு ஒரு வளையம் வளர்கிறது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் வளையம் அகலமாக இருக்கும். காய்ந்த வருடத்தில் மெலிந்திருக்கும். ஒரு உத்திரத்தில் உள்ள வளைய வரிசையை, வருடம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்தால் மரம் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். பட்டையின் ஓரம் மிஞ்சியிருந்தால் எந்தக் குளிர்காலம் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்து நிறுத்தினார்கள். ஆகவே மரம் வெட்டிய வருடமே வீடு கட்டிய வருடமும். யாரிடமும் பேச வேண்டியதில்லாத வேலை. அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

பிப்ரவரியில் இரண்டு நாட்கள் அந்த வீட்டின் பரணில் குந்தி, கீழ்த்தள உத்திரங்களையும் சேர்த்துப் பதினோரு மரங்களிலிருந்து பென்சில் தடிமனில் மாதிரிகள் எடுத்தேன். தலைக்கவசம், கண்ணாடி, மூக்கை மறைக்கும் முகமூடி. வீட்டைப் பராமரிக்கும் சங்கத்தின் தலைவர் நார்மன் ஃபேர்வெதர் மணிக்கொரு முறை ஏணியில் ஏறி வந்து ஒரு கோப்பை டீயையும் ஒரு துண்டு எலுமிச்சை கேக்கையும் வைத்துவிட்டுப் போவார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். பத்தொன்பது வருடமாகப் பார்வையாளர்களிடம் 1412 என்று சொல்லி வருபவர். அவருடைய கழுத்துப்பட்டையில் பொடிப் பொடியாக 1412 என்றே நெய்திருந்தது. அதை எங்கே செய்தார் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கவில்லை.

மாதிரிகள் சொன்ன பதில் 1538. நான்கு மரங்களில் பட்டையோரம் இருந்தது. நான்குமே 1537இல் தொடங்கி 1538இல் முடிந்த குளிர்காலத்தில் விழுந்தவை. இதில் சந்தேகத்துக்கு ஓரங்குலமும் இடமில்லை.

அடுத்து நான் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. எட்டு மாத அனுபவத்தில் நான் தனியாக அனுப்பிய முதல் அறிக்கை அது. அதன் மேல் வைத்த கடிதத்தை நான்கு நாட்கள் எழுதினேன். இறுதி வடிவம் இது:

"இத்தனை அழகான, பழமையான வீட்டில் பணியாற்றக் கிடைத்தது என் பேறு. கேக் மிகச் சிறப்பு. வீட்டின் காலம் குறித்துச் சுவையான ஓரிரு விவரங்கள் தெரியவந்துள்ளன. நேரம் கிடைக்கும்போது பதினோராம் பக்கத்தில் அட்டவணை மூன்றைப் பார்க்கலாம்."

ஒருவருடைய வீட்டின் வயதில் நூற்று இருபத்தாறு வருடம் குறைகிறது என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம். தேள் கொட்டினாலும் சிறு அசௌகரியம் என்போம்.

அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்குத் தொலைபேசினேன். நுழைவுச்சீட்டு கொடுக்கும் டெலியா எடுத்தாள். நான் வைத்துவிட்டேன். மறுபடி அழைத்தேன். மறுபடி வைத்தேன். மூன்றாம் முறை தைரியத்தைத் திரட்டிப் பேசினேன். சனிக்கிழமை பதினோரு மணிச் சுற்றுக்கு ஒரு சீட்டு பதிவு செய்தேன்.

மறுநாள் முழுதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேரில் போய் நார்மனைத் தனியாக அழைத்துச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் என் முதல் முடிவு, என் பெயரோடு, பொய்யாகக் கல்லில் நிற்கும். கல் நீண்ட நாள் நிற்கும் பொருள்.

*

பதினோரு மணிக்கு நாங்கள் ஐந்து பேர். ஒரு இளம் தம்பதி, கூட்டத்திலிருந்து ஒரு அடி தள்ளியே நின்ற ஒரு பாதிரியார், நான், டோரீன் ஆக்ராய்ட் என்ற பெண்மணி. பெயரை யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரிலிருந்து வந்திருந்தார். யார்க்ஷயர்க்காரர்கள் மனதில் பட்டதை வாயால் சொல்பவர்கள். மற்றவர்களாகிய நாங்கள் அதற்காக அவர்களைப் பார்த்து முகம் சுளிப்போம். உள்ளூரப் பொறாமையும்படுவோம்.

நார்மன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அடையாளம் தெரியவில்லை. பிப்ரவரியில் அவர் பார்த்தது ஒரு முகமூடியை மட்டுமே. தனியாக அழைத்துச் சொல்ல இதுதான் நேரம் என்று தெரிந்தது. நான் குடை நிறுத்தும் இடத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த உத்திரத்தைத் தொட்டுப் பாருங்க. வெக்கப்படாதீங்க. ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டுல ஒரு தச்சன் கோடாலியால செதுக்கினது. தழும்பு இன்னும் இருக்கு பாருங்க" என்றார் நார்மன்.

எல்லோரும் தொட்டார்கள். நானும் தொட்டேன். என் விரலுக்கு நேர் மேலே, நான் துளைத்து அடைத்த ஓட்டை இருந்தது. அடைத்த மரத்தின் நிறம் லேசாக ஒத்துவரவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

"இது வெறும் ஊர்ப்பேச்சு இல்ல. போன மாசம் ஆய்வுக்கூடமே உறுதி பண்ணிடுச்சு. டாக்டர் பெல்லோன்னு ஒரு அம்மா. ரொம்பக் கெட்டிக்காரங்க. ரொம்பக் குறைவாப் பேசுறவங்க."

"குறைவாப் பேசுறதெல்லாம் கெட்டிக்காரத்தனமா?" என்றார் டோரீன்.

"சேச்சே, அப்படியில்ல" என்று நார்மன் சிரித்தார். "கேள்வி ஏதாவது?"

என் கை தானாக உயர்ந்தது. எனக்கே ஆச்சரியம். ஐந்து ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"சொல்லும்மா."

"கழிப்பறை எங்க இருக்குங்க?"

கேட்டுவிட்டதால் போகவும் வேண்டியிருந்தது. உள்ளே நின்று, ஒரு மனிதருக்கு நியாயமாக ஆகும் நேரத்தை எண்ணினேன். கண்ணாடியைப் பார்த்து, "வீடு 1538இல் கட்டப்பட்டது" என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை.

வெளியே வந்தால் மாடிப்படிக்கு அடியில் டோரீன் நின்றிருந்தார். மற்றவர்கள் மேலே போயிருந்தார்கள்.

"என்ன கண்ணு, வயித்த ஏதாவது பண்ணுதா?"

"இல்லங்க, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் அந்த மனுஷன் வருஷத்தச் சொல்றப்பல்லாம் முள்ளு மிதிச்ச மாதிரி முழிக்கிற? மூணு தடவ பாத்துட்டேன்."

முன்பின் தெரியாதவரிடம் சொல்வது எனக்குச் சுலபம். சொல்லிவிட்டேன். கல், கடிதம், அட்டவணை மூன்று, எல்லாவற்றையும். அவர் நடுவில் ஒரு முறைதான் குறுக்கிட்டார்.

"கேக் நல்லா இருந்துச்சுன்னு மொதப் பக்கத்துல. வருஷம் தப்புன்னு பதினோராம் பக்கத்துல."

"ஆமாங்க."

"எத்தன வருஷம் படிச்ச?"

"நாலு."

"ம்." அவர் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "மேல போறோம். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா அந்த ஆளுக்கு மனசு ஒடஞ்சுடும். இப்பவே சொல்லிட்டேன்."

*

பரணில் கூரையைத் தாங்கும் கைமரங்களுக்கு அடியில் எல்லோரும் குனிந்து நின்றிருந்தார்கள். நார்மன் மட்டும் நிமிர்ந்து நின்றார். எந்த இடத்தில் தலை இடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

"பக்கத்து ஊர் ஸ்டோக்லியில ஒரு வீடு இருக்கு. ஆயிரத்து நானூத்தி அறுபது. அவங்க அதையே மாவட்டத்துலயே பழசுன்னு போர்டு போட்டிருந்தாங்க. பாவம். நாங்க ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல. மரியாதையாச் சிரிச்சுட்டு விட்டுடுவோம்."

டோரீன் இருமினார். சளி இருமல் இல்லை அது.

"மன்னிக்கணும். குறுக்க பேசுறதுக்கு. ஆயிரத்து ஐநூத்தி முப்பத்தெட்டுங்க" என்றேன்.

"எதும்மா?"

"இந்த வீடு."

நார்மனின் முகத்தில் கோபமே இல்லை. தவறான விடை சொன்ன மாணவியிடம் காட்டும் கனிவுதான் இருந்தது. "அப்படி நினைக்கிறவங்க இருக்காங்கம்மா. ஆனா ஆய்வுக்கூடமே சொல்லிட்டாங்களே."

"நான்தாங்க அந்த ஆய்வுக்கூடம்."

இளம் தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"டாக்டர் பெல்லோவா?"

"டாக்டர் இல்லங்க."

"அட கடவுளே! முகமே தெரியலயே எனக்கு! மன்னிச்சுக்குங்க. ஐயோ, டெலியா உங்களுக்குச் சீட்டுக் குடுத்தாளா? உங்களுக்குப் போய்ச் சீட்டா?"

"பரவாயில்லங்க, நான்தான் கேட்டு வாங்கினேன்."

"இல்ல இல்ல, எங்க தப்பு. ரொம்ப வருத்தமா இருக்கு."

"என் தப்புதாங்க. நான் சொல்லியிருக்கணும்."

"அவளுக்கு எப்படித் தெரியும், பாவம், அவ தப்புமில்ல..."

"வருஷம்!" என்றார் டோரீன். "சீட்ட விடுங்க. வருஷத்தப் பேசுங்க ரெண்டு பேரும்."

நார்மன் மெல்லத் தரைப்பலகையில் உட்கார்ந்தார். பரணில் நிமிர்ந்து நிற்க முடிந்த ஒரே ஆளும் குறைந்துபோனார்.

"உங்க கடிதத்தக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். பேறுன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க. அட்டவணை மூணப் பாத்தீங்களா?"

"நேரம் கிடைக்கும்போது பாக்கலாம்னு போட்டிருந்துச்சு." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேரம் கிடைக்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். பாதிரியாரும் ஏதோ முணுமுணுத்தார். அதுவும் மன்னிப்பாகவே இருந்திருக்கும்.

"சந்தேகமே இல்லயா?"

"இல்லங்க. பட்டை இருந்துச்சு."

"அப்போ ஸ்டோக்லி ஜெயிச்சுட்டாங்க."

"எழுபத்தெட்டு வருஷத்துல."

சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கை அவர் கேட்கவில்லை என்பது புரிந்தது.

அவர் பலகையில் கையூன்றி எழுந்தார். பிறகு, "எல்லாரும் ஒரு டீ குடிக்கலாமா?" என்றார்.

கீழே டெலியா டீ ஊற்றினாள். எனக்குக் கொடுத்த சீட்டுக்காக நார்மன் அவளைக் கடிந்துகொண்டார். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்புச் சுற்று முடிந்ததும் நார்மன் கோப்பையைத் தட்டில் வைத்துச் சுழற்றினார்.

"கல்லு வந்து சேந்தாச்சு. அறுபது பேர் வர்றாங்க. நாளைக்கு நீங்களே அத அவங்களுக்குச் சொல்லிடுங்க. என்னால முடியாது. பத்தொன்பது வருஷமா இந்த வாயால அந்த நம்பரச் சொல்லிட்டேன்."

"முயற்சி பண்ணிப் பாக்கலாம்னு தோணுது" என்றேன்.

"தோணுதாம்!" என்று டோரீன் பிஸ்கெட்டை டீயில் முக்கினார். "ஆமாவா, இல்லையா?"

அறுபது பேரை நினைத்துப் பார்த்தேன். கல்லையும் நினைத்துப் பார்த்தேன்.

"ஆமா."

*

ஞாயிறன்று வெயில் அடித்தது. மழை பெய்து விழா நின்றுபோகும் என்ற என் கடைசி நம்பிக்கையும் போனது. வீட்டின் முன்னால் தெருவில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பச்சைத் திரை தொங்கியது. குறைந்தபட்சம் சங்கத்தாரிடமாவது நார்மன் விஷயத்தைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அவரும் என் ஊர்க்காரர்தான் என்பதை மறந்துவிட்டேன்.

நகர மேயர் ஓர் அம்மையார். கழுத்தில் பதவிச் சங்கிலி. ஆறு நூற்றாண்டுப் பெருமை என்று பேசினார். கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

வெறும் சுவர். சுண்ணாம்புப் பூச்சில் இரண்டு திருகாணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கல்லை நார்மன் காலையிலேயே கழற்றிவிட்டிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அறுபது பேரும் கைதட்டினார்கள்.

என் மக்களை எனக்குத் தெரியும். இருந்தாலும் இதை நான் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், "ஆர்ப்பாட்டமே இல்லாம, அடக்கமா இருக்குல்ல?" என்றாள்.

நார்மன் எழுந்தார். "இப்ப டாம்சின் பெல்லோ பேசுவாங்க. டாக்டர் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கைகள் முழங்கால்களை இறுகப் பிடித்திருந்தன.

என்னிடம் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாள் முழுக்க நன்றி. மேயருக்கு, சங்கத்துக்கு, வானிலைக்கு, கேக்குக்கு. அதைப் பார்த்தேன். மடித்துப் பையில் வைத்தேன். இரண்டாவது தாளைப் பிரித்து வாசித்தேன்.

"இந்த வீடு கட்டினது 1538ல. 1412ல இல்ல. மரங்கள் அப்படித்தான் சொல்லுது. அதுல சந்தேகம் இல்ல. இத நான் கடிதத்துலயே தெளிவா எழுதியிருக்கணும். எழுதல."

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரடியாக நான் பேசியதில்லை. வானம் இடியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒண்ணும் கேக்கலம்மா! கொஞ்சம் சத்தமா!"

மறுபடி சொன்னேன். சத்தமாக. இந்த முறை கேட்டது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. மேயர் சங்கிலியைத் தடவினார். யாரோ, "அப்போ ஸ்டோக்லிதான் பழசா?" என்றார்கள். யாரோ, "வாய மூடு" என்றார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டே, "எந்த வருஷம்னு சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று மனைவியைக் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள்.

மூன்றாம் முறைக்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் நார்மன் எழுந்துவிட்டார்.

"ஆயிரத்து ஐநூத்தி முப்பத்தெட்டு, ஹ்யூபர்ட்" என்றார் அந்தப் பெரியவரைப் பார்த்து, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை எட்டும் குரலில். "முப்பத்தேழு குளிர்காலத்துல மரம் வெட்டுனாங்க. அட்டவணை மூணுல இருக்கு. ராத்திரி உக்காந்து படிச்சேன்."