மத்தியாஸ் படத்துக்குப் போட்ட மாலை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் பார்க்கும் ஜெயந்தினி பேய்க்கும் பிசாசுக்கும் பயந்தவள் இல்லை. ஆனால் இந்த ஹோல்கர் தொரை வந்து தங்கியதிலிருந்து அவளுக்கே லேசாகப் பயம் தட்டியது. அறுபதைத் தாண்டிய ஜெர்மன்காரர், ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயத்தில் பேர் எடுத்தவராம். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதுளை ரோட்டில் இறங்குவார். திரும்பி மேட்டில் ஏறும்போது மட்டும் அடிக்கடி பின்னால் பார்ப்பார். பின்னால் பனிமூட்டத்தைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது.

"யாரத் தேடுறீங்க தொரை?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். டுபாயில் வீட்டு வேலை பார்த்தபோது பழகிய இங்கிலீஷ் கைகொடுத்தது.

மேசையில் இருந்த படத்தைக் காட்டினார். சிரித்த முகத்தோடு ஒரு இளைஞன்.

"மத்தியாஸ். என் ஜோடி. மரத்தளத்துல சுத்திச் சுத்தி ஓட்டுற பந்தயம். ஓட்டிக் களைச்சவன் மத்தவன் கையப் பிடிச்சு முன்னால வீசிவிடணும். அன்னிக்கு நான் வீசினது கோணிப்போச்சு. அவன் விழுந்தான். அப்புறம் நான் அந்தத் தளத்துல ஏறவே இல்ல. ரோட்டுப் பந்தயத்துக்குப் போனேன், நெறைய ஜெயிச்சேன். ஆனா இன்னமும் அவன் சக்கரம் பின்னால கேக்குது."

அட பாவமே! செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அவன் பின்னால் வராமல் என்ன செய்வான்? அன்று மாலை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும்போது அவள் முதுகுக்குப் பின்னாலும் ஏதோ உருளுகிற மாதிரி இருந்தது. ஓட்டமும் நடையுமாய் வீடு சேர்ந்தாள்.

மறுநாள் தொரை வெளியே போனதும் படத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். செவ்வந்தி மாலை போட்டு, விளக்கேற்றி, சோறும் கோழிக்கறியும் படைத்தாள். லயத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே.

திரும்பி வந்த தொரை வாசலிலேயே விறைத்துப் போனார்.

"இது... செத்தவங்களுக்குச் செய்யிறதா?"

"ஆமாங்க தொரை. இனிமே அவரு பின்னால வரமாட்டாரு."

"அவன் உயிரோட இருக்கான், ஜெயந்தினி. இடுப்புக்குக் கீழ அசைவில்ல. நான்தான் முப்பது வருசமா எட்டிப் பாக்கல."

ஐயையோ! உயிரோடு இருக்கிற மனுசனுக்கா மாலை போட்டேன்! மாலையைப் பிடுங்கினாள், விளக்கை அமர்த்தினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இப்பவே பேசுங்க தொரை! அந்த மனுசன் நல்லா இருக்காருன்னு தெரியாம எனக்குப் பச்சத்தண்ணி எறங்காது!"

அவள் அழுததைப் பார்த்துத்தானோ என்னவோ, அவர் போனை எடுத்தார். எத்தனை வருசம் அழுத்தாமல் வைத்திருந்த நம்பரோ! ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. அவர் தன் பெயரைச் சொன்னார். பிறகு தள்ளி எங்கோ ஒரு ஆம்பளைக் குரல், நறுக்கென்று ஏதோ சொன்னது. அதை அந்தப் பொம்பளை திருப்பிச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கான்," என்றார் தொரை. "ஹோல்கர்னு யாரையும் தெரியாதுன்னு சொல்லச் சொன்னானாம்."

ஜெயந்தினிக்கு மனசு கேட்கவில்லை. "போன்ல என்னவும் சொல்லலாம் தொரை. நேர்ல வந்து வாசல்ல நிக்கிற ஆளப் பாத்து அப்பிடிச் சொல்ல முடியுமா?"

"முடியும். அவன் சொல்லுவான். அத அவன் வாசல்ல நின்னே கேக்குறேன்."

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து, துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தார்.