மூன்று வருடம் அணையாத கணினி

அந்தக் குடியிருப்பில் யூனிக்ஸ்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. தன் கணினி ஓடுவது யூனிக்ஸ் என்ற மென்பொருளில் என்று, தெரியாதவர்களைத் தேடிப்போய் அவரே சொல்லிவிடுவார். அவருடைய கணினி மூன்று வருடமாக ஒரு தடவைகூட அணைந்ததில்லை. வீடு மாற்றியபோதுகூட யூபிஎஸ் பேட்டரிப் பெட்டியோடு மடியில் வைத்து டாக்சியில் கொண்டுவந்தார். மனைவி பேருந்தில் வந்தாள்.

அன்று காலையில் இணைய இணைப்பு கொடுக்கக் கேபிள்காரர் வந்து மோடத்தை அதே யூபிஎஸ்ஸில் மாட்டினார். தன் லேப்டாப்பில் வயரைச் செருகிப் பார்த்தார். இணையம் ஓடியது. கிளம்பிவிட்டார். நம்மவர் வயரைத் தன் கணினிக்கு மாற்றினார். ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் மனைவிக்கு நேர்முகத் தேர்வு, வீடியோவில். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. வீட்டில் இருப்பதோ இந்த ஒரே கணினி.

உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். "மோடம் முதல்ல பார்த்த கம்ப்யூட்டரைத்தான் ஞாபகம் வச்சிருக்கும் சார். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"அதெல்லாம் விவரமில்லாதவங்க வைத்தியம்மா," என்று போனை வைத்தார்.

பிறகு கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடித்துத் தள்ளினார். மதியச் சாப்பாடு ஆறியது. கேபிள் கம்பெனியின் ஏழு தலைமுறையும் திட்டு வாங்கியது. மோடம் மட்டும் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, மோடத்தை மட்டுமாவது ஆஃப் பண்ணிப் பாருங்களேன். நேரமாச்சு."

"இன்னிக்கு மோடம்னு ஆரம்பிக்கும். நாளைக்கு மெஷின்ல வந்து நிக்கும். இது கொள்கை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொள்கையா சம்பளம் கொடுக்கும்? மேசைக்கடியில் குனிந்து யூபிஎஸ்ஸின் பொத்தானை அமுக்கினாள். மோடமும் போயிற்று, மூன்று வருடமும் போயிற்று. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவள் மறுபடி அமுக்கினாள். கணினி எழுந்தது, இணையமும் வந்தது. அவரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே யாரோ கேட்டார்கள்: "நெருக்கடியான நேரத்துல நீங்க எடுத்த முடிவு ஏதாவது சொல்லுங்க."

அவள் யோசிக்கவே இல்லை. நடந்ததை அப்படியே சொன்னாள்.

"அவர் கோவப்படலையா?"

"தெரியல சார். அவருக்கு இன்னும் பேச்சு வரல."

உள்ளே மூன்று நான்கு குரல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைக்க, வெளியே நின்றிருந்த அவருக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சூடுபண்ணப் போனார், இரண்டு பேருக்குமாக.