எங்கள் வீட்டில் ஏசி இல்லை

"என் வீட்டில் ஏசி கிடையாது!" என்று சட்டசபையில் மேஜையைத் தட்டி என் கணவர் முழங்கியதை, நானும் என் மகளும் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து சாயங்காலச் செய்தியில் பார்த்தோம்.

அவர் பொய் சொல்லவில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே வியர்க்காது. வெயில் ஏறினால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். முகம் சிவந்து, கண் செருகி, கொஞ்சம் அசந்தால் ஆளே விழுந்துவிடுவாள். கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் சொன்னார், "இதுக்கு மாத்திரை எதுவும் இல்லம்மா. குளிர்ச்சிதான் மருந்து." அதற்காக வாங்கி மாட்டிய பெட்டிக்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மருந்து என்றே பெயர். "மருந்து போட்டியா?" "மருந்து சத்தம் போடுது, ஆளைக் கூப்பிடு." எந்நேரமும் ஈரத்துண்டும் கையுமாகத் திரிந்ததால் பிள்ளைக்கு வாத்து என்று பெயர் வந்தது. ஏசி என்பது அமைச்சர்கள் வீட்டில் இருப்பது. எங்களிடம் இருந்தது மருந்து. அந்த மனுஷன் அதைத்தான் மனதார நம்பி மேஜையைத் தட்டினார்.

பேச்சு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. "கரண்ட் கட்டணத்தை ஏத்திட்டீங்க. ஏழை வீட்டுல ஃபேன் சுவிட்சைத் தொடவே பயப்படுறாங்க. அமைச்சர் வீட்டுல ஆள் இல்லாத அறையிலயும் ஏசி ஓடுது. யார் வீட்டுக் காசு அது?" அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஃபேனை நிறுத்திவிட்டு, வாசலில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அன்று காலையில் கிளம்பினார்.

அப்போது ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "உங்க வீட்ல எத்தனை ஓடுது?" என்று கேட்டார். இவர் கிடையாது என்றார். "நாளைக்கு வந்து பார்க்கலாமா?" என்றார் அவர். "தாராளமா வாங்க. பத்திரிகைக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க!"

வாத்து சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அப்ப இது என்னவாம்?"

நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் தோளில் சால்வையோடு வந்து சேர்ந்தார். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேராக அறைக்குள் வந்து, நெஞ்சுப் பித்தானைக் கழற்றிக்கொண்டு பெட்டிக்கு நேராக நின்றார். "அப்பாடா! மருந்து நல்லா வேலை செய்யுதே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் முகம் விழுந்துவிட்டது.

"ஐயையோ. இது ஏசிதானே?"

"இத்தனை வருஷம் கழிச்சாவது கண்டுபிடிச்சீங்களே" என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சால்வை நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "உண்மையைச் சொல்லிடுவோம். பிள்ளைக்கு உடம்பு இப்படின்னு சொன்னா யாரு தப்பா நினைக்கப் போறாங்க?"

வாத்து அவரைப் பார்த்தாள். அவர் உடனே வாயை மூடிக்கொண்டார்.

முன்பு ஒரு தேர்தலில் கட்சிக்காரர்கள் அவளுடைய பள்ளிக்கூடப் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'நோயுற்ற மகளையும் பாராது மக்கள் பணி' என்று தெருவெல்லாம் ஒட்டிவிட்டார்கள். அந்தச் சுவர்களையெல்லாம் தாண்டித்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்றபடி, இனி உன் உடம்பு எந்த மேடைக்கும் வராது, யார் வாயிலும் வராது என்று இவர் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் திறந்தாள்.

"அப்ப, தெரியாம சொல்லிட்டேன்னு சபையிலயே மன்னிப்புக் கேட்டுர்றேன்."

"எதுக்கு மாட்டினீங்கன்னு கேட்பாங்களே, என்ன சொல்வீங்க?" என்றேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை நின்றாள்.

கடைசியில் அவளே சொன்னாள். "கழட்டிடுங்கப்பா. பகல்ல எனக்கு ஆபீஸ் இருக்கு. வீட்டுக்கு வந்தா ஈரத்துண்டு இருக்கு."

வாத்துக்கு அரசாங்கப் பழைய ஆவணங்கள் வைக்கும் அலுவலகத்தில் வேலை. காகிதம் கெட்டுவிடக் கூடாது என்று அங்கே எப்போதும் குளிரூட்டி வைத்திருப்பார்கள். தேர்வு எழுதித் தானாகவே வாங்கிய வேலை. பகலில் கவர்மென்ட் மருந்து, ராத்திரிக்கு அப்பா மருந்து என்று சிரிப்பாள்.

"ஒரே வாரம்டா. இந்தப் பரபரப்பு அடங்கட்டும், திருப்பி மாட்டிடலாம்" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்சியில் மைக்செட் போடும் வயர்மேன் வந்து, வாய் திறக்காமல் கழற்றினான். உள்ளே இருந்ததையும், பின்பக்கச் சந்தில் இருந்ததையும் பழைய போர்வைகளில் சுற்றி இறக்கினான். "என்னக்கா, வாஷிங் மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள் தையல்காரம்மா. ஆமாம் என்றேன். மருந்து கட்சி அலுவலகத்துப் பரணுக்குப் போனது. சுவரில் விழுந்த ஓட்டையைப் பூசி, மேலே ஒரு காலண்டரை மாட்டினோம்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் அடுப்படி, குளியலறை என்று ஒன்று விடாமல் புகுந்து பார்த்தார்கள். ஒருவர் ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தார், உள்ளே ஏசி இருக்குமென்று நினைத்தாரோ என்னவோ. நெற்றியைத் துடைத்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே 'ஏசி இல்லா அண்ணன்' என்று சுவரொட்டி முளைத்துவிட்டது. கட்சியில் அத்தனை வருஷம் தேய்ந்தும் கிடைக்காத பெயர் ஒரே நாளில் கிடைத்தது.

தையல்காரம்மா மேலே ஏறிவந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்களும் எங்களை மாதிரியே வெந்துக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சுண்ணே." அவள் கண் கலங்கியிருந்தது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாரம் போனது. "அண்ணி, எப்ப திருப்பி மாட்டணும்?" என்று வயர்மேன் கேட்டான். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல்கள் எந்நேரமும் திறந்து கிடந்தன, சாத்தினால் ஊர் சந்தேகப்படுமாம். முன்பின் தெரியாதவர்கள் வந்து வெறும் சுவருக்கு முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வயர்மேன் கேட்கவில்லை.

வாத்து வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. காவலாளி சாவிக்கொத்தை ஆட்டும்வரை அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வந்ததும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குளியலறைத் தரையில் சாய்ந்துவிடுவாள். காது மடலெல்லாம் சிவந்து கிடக்கும். மாடித் தொட்டித் தண்ணீரும் வெயிலில் காய்ந்து சூடாகத்தான் வரும். அதனால் காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைப்பேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? அந்த அமைச்சர்மேலா, இவர்மேலா, கீழே கும்பிட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பாவப்பட்டவள்மேலா?

இதற்கிடையே அவர் பேச்சு ஊர் ஊராகச் சூடு பிடித்தது. "அரசு அலுவலகங்களில் ஏசியை நிறுத்து! கட்டணத்தைக் குறை!" கூட்டம் அப்படியே திருப்பிச் சொல்லும். ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். எனக்கும் உறைக்கவில்லை. ஏசி என்ற சொல் காதில் விழுந்தால் இன்னும் அமைச்சர் வீடுதான் கண்ணுக்குள் வந்தது.

கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்தது. எதிர்க்கட்சியின் கோரிக்கையை ஏற்று, சிக்கன நடவடிக்கையாக, அமைச்சர்களின் அறைகள் தவிர எல்லா அரசு அலுவலகங்களிலும் ஏசி நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். கட்டணக் குறைப்பு பரிசீலனையில் இருக்கிறதாம்.

அன்று மாலை தெரு முழுக்கக் கட்சிக்காரர்கள். அவர் லட்டு டப்பாவோடு படியேறி வந்தார். அவருக்குப் பின்னாலேயே வாத்தும் வந்தாள். அவ்வளவு சீக்கிரம் அவள் வீடு திரும்பி வெகுநாள் ஆகியிருந்தது.

"வாத்து! ஜெயிச்சிட்டோம்டா!" என்று லட்டை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"தெரியும்ப்பா. ஆபீஸ்ல சர்க்குலர் வாசிச்சாங்க." பையை ஆணியில் மாட்டினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "நாளையிலேர்ந்து எங்க மருந்தையும் நிறுத்துறாங்களாம்."

"எந்த மருந்..." என்று ஆரம்பித்தார். லட்டு அவர் விரல்களுக்கிடையே நொறுங்கித் தரையில் உதிர்ந்தது. நான் காலண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு பிடிக்க எதுவும் அகப்படவில்லை.

"நான் போய்ச் சொல்றேன்" என்றார் மெதுவாக. "அந்த ஒரு ஆபீஸுக்கு மட்டும்..."

"ஏன்னு கேட்பாங்கப்பா" என்றாள் வாத்து.

கீழே சத்தம் கூடியது. "ஏசி இல்லா அண்ணன்!" என்று ஒருவர் இழுக்க, "வாழ்க!" என்றார்கள் எல்லோரும். தையல்காரம்மா குரலும் அதில் கேட்டது. வயர்மேன் கதவைத் தட்டினான். "அண்ணே, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. பால்கனிக்கு வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். போகாதீர்கள் என்று நான் சொல்வேனென்று காத்திருந்தார் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய், பால்கனியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

வாத்து குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஈரத்துண்டுக்குக் கையை நீட்டினாள். காலையில் பிடித்து வைத்த வாளியை, வந்த கட்சிக்காரர்கள் முகம் கழுவியே காலி செய்திருந்தார்கள். குழாயைத் திறந்து துண்டை நனைத்தேன். தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வந்தது.