தேறும்

“ஒரே ஒரு வார்த்தை மாமா, ‘தேறிடுவே’ன்னு. சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?”

ஆஸ்பத்திரி நடையில் மச்சினன் அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான். உள்ளே படுத்திருந்த அவர் மனைவியைப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் அப்போதுதான் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்.

அவரோ தேறும், தேறாது என்ற இரண்டு வார்த்தையிலேயே பிழைப்பை ஓட்டிய மனுஷர். செல்போன் கோபுரங்களுக்குப் போகிற கேபிள் கனெக்டர்களை அளந்து பார்க்கிற வேலை. நடுவிலிருக்கும் ஊசி தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு வெளியே துருத்தினாலும் போச்சு, அதோடு வந்து பொருந்துகிற ஜோடிக் கனெக்டரின் வாயைக் கிழித்துவிடும். கேஜின் முள் கோட்டைத் தாண்டினால் ‘தேறாது’ என்று ஒதுக்கிவிடுவார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் மசிகிற ஆளா? வீட்டிலும் அதே கூத்துதான். ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். “உப்பு ஒரு கல் கூட” என்பார்.

அதனால்தான் ஊரே வந்து சொன்ன ஆறுதலை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “அவர் வரட்டும், அவரையே கேட்டுக்கறேன்” என்று காத்துக் கிடந்தாள்.

உள்ளே போனார். போர்வைக்குள் ஆள் இருக்கிற சுவடே இல்லை. கண் மட்டும்தான் மிச்சம்.

“என்னங்க, நான் தேறுவேனா?”

இவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

“தேறிடுவே. அடுத்த வாரமே வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“அடப் பாவமே. நீங்களே பொய் சொல்ற அளவுக்கு ஆயிடுச்சா?”

கோபமே இல்லை அந்தக் குரலில். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் கையைத் தேடிப் பிடித்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“சாப்டீங்களா?”

“சாப்டேன்.”

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் தளர்ந்தன. அப்புறம் நின்றுபோயின.

வெகுநேரம் கழித்து மச்சினன் கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தான்.

“அக்கா தூங்குறாளா மாமா?”

“தூங்குறா” என்றார். “கதவைச் சாத்திட்டுப் போ.”

அவள் கைக்கு அடியிலிருந்து அவர் தன் கையை எடுக்கவில்லை.