அக்னி மூலைக்குப் போன கீசர்

வெள்ளைத்துரைக்கு மானம்தான் மூத்த பிள்ளை. மகள் முனீஸ்வரி அதற்கு அடுத்துதான். ஒத்தக்கடையில் புது வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அவளுக்கு ஒரு வரன்கூடக் கூடி வரவில்லை. இருபத்தொன்பது வயது டீச்சர். வந்தவர்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான்.

வாஸ்து பார்க்கிறவர் வந்து பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்ததுமே உச்சுக்கொட்டினார். "ஈசானி மூலையில நெருப்ப வச்சுக்கிட்டு மாப்ள தேடுனா எப்படிண்ணே அமையும்?" நெருப்பு என்று அவர் சொன்னது ஜன்னலோரம் தொங்கிய கேஸ் கீசரை. "அக்னி மூலைக்கு மாத்துங்க. தையில மேளம் கொட்டும்."

மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டது. தரையைப் பெயர்த்தார்கள், சுவரெல்லாம் டைல்ஸ் ஒட்டினார்கள். பிளம்பர் காசிமாயன் குழாயை நீட்டி, கீசரை ஜன்னலுக்கு எட்டாத மூலையில் மாட்டிக் கொடுத்தார். பக்கத்தில் புதிதாக எழும்பும் மாடியிலிருந்து எவனாவது எட்டிப் பார்த்துத் தொலைத்தால்? வெள்ளைத்துரை அந்த ஜன்னலையும் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். "காத்து வர்ற எடமாப் பாத்து மாட்டுங்க, இல்லாட்டி மூச்சு முட்டிப் போகும்" என்று கீசர் விற்ற கடைக்காரர் அன்று படித்துப் படித்துச் சொன்னது அவர் மண்டையில் எந்த மூலையில் கிடந்ததோ!

வேலை முடிந்த பாத்ரூமில் முதல் தடவை குளித்துவிட்டு வந்த முனீஸ்வரி அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். "உள்ள நின்னா கிறுகிறுன்னு வருதுப்பா."

"வெள்ளிக்கெழம வெரதம்னு வயித்தக் காயப்போட்டா வேற என்ன வரும்?"

கல்யாணம் கூடிவரத்தான் அந்த விரதம். அவளை இருக்கச் சொன்னவரும் அவர்தான்.

வாஸ்துக்காரர் வாக்கு பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. அலங்காநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கும் சோலையும் அவன் வீட்டாரும் பெண் பார்க்க வருவதாகப் போன் போட்டார்கள். அன்று காலை முனீஸ்வரி தலைக்குக் குளிக்கப் போனாள். அவர்களோ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வேனில் வந்து இறங்கினார்கள்.

காபி கொடுத்தாயிற்று. பேச்சும் தீர்ந்துவிட்டது. மனைவி சின்னத்தாய் வெள்ளைத்துரையை உள்பக்கம் இழுத்தாள். "எம்புட்டு நேரமாத் தட்டுறேன், சத்தமே இல்ல. தண்ணி மட்டும் கொட்டுது. கதவ ஒடைங்க!"

வெள்ளைத்துரைக்கு மகள் கிறுகிறுப்பு என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

"வந்தவுக ஒக்காந்திருக்கையில கதவ ஒடைக்கிறதா? மயக்க நோவுக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிருவாக. சத்தம் போடாத. மெல்லத் தட்டு. இன்னொரு காபி போட்டுக் குடு, அதுக்குள்ள வந்துருவா."

ஹாலுக்குத் திரும்பி, "சேல கட்டிக்கிட்டு இருக்கா" என்று சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல! மகள் செத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் மானத்துக்குக் காவல் நிற்கிறார்.

இரண்டாவது காபியும் குடித்து முடித்தார்கள். தம்ளர்களை எடுக்க வந்த சின்னத்தாய் அவற்றைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, எம் புள்ள!" என்று கத்தினாள். முதலில் ஓடியவன் சோலைதான். தோளைக் கொடுத்து மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்தவன், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் சட்டையைக் கழற்றிச் சின்னத்தாயிடம் நீட்டினான். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்த்தது அவ்வளவுதான்.

அவர்கள் வந்த வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

அந்தக் கொஞ்ச நேரம் எங்கே போனது என்று வெள்ளைத்துரை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சின்னத்தாயிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இரண்டாவது காபியைப் போட்டவள் அவள்தான்.