மஞ்சள் பூச்சுக்கு அடியில்

"ஜன்னலோரமா மேசையப் போட்டா அவங்க மூடிதான் மின்னும். அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்காங்க போல. நடுவுல போடச் சொல்லுங்க."

தங்கை இதைச் சொன்னது ஸ்ப்ரேக்காரரிடம். கேட்க வேண்டிய அக்கா அந்த மேசையின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஸ்ப்ரேக்காரர் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"பெரியக்கா, சின்னக்கா வந்து மேசைய நடுவுல..."

"காது எனக்கு நல்லாத்தான் கேக்குது. நடுவுல போட்டா அவங்க முலாம் மூடியில இருக்கிற புள்ளி தெரியாதில்ல, அதுக்குத்தான். இங்கயே இருக்கட்டும்னு சொல்லுங்க."

மேசை ஜன்னலோரமே இருந்தது. ஸ்ப்ரேக்காரர் வயதில் இருவருக்கும் மூத்தவர். ஆனாலும் இருவரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் வாங்குவது பெயிண்ட் அடிக்க. இந்த இரண்டு வருஷமாகச் செய்கிற தூது வேலைக்கு யாரும் அவருக்குத் தனியாக எதுவும் கொடுத்ததில்லை.

பிளாஸ்டிக் மூடிகளை உலோகமாகக் காட்டுவதுதான் அந்தக் கொட்டகையின் பிழைப்பு. சென்ட் பாட்டில், கிரீம் டப்பா, உதட்டுச்சாயக் குழல் என்று எதுவானாலும் வெள்ளையாக, எடையற்று உள்ளே வரும். தங்கமாகவோ வெள்ளியாகவோ வெளியே போகும். அக்காவும் தங்கையும் சேர்ந்து தொடங்கியது. சேர்ந்தே நடத்தினார்கள், ஒரு லோடு மூடி திரும்பி வரும்வரை. மூடிகளின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகினால்தான் அப்படி ஆகும். அக்கா அத்தனை வேலையாட்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாம் இவ வெறுங்கையால தொட்டது. கையா அது? எண்ணெய்ச் சட்டி." தங்கை தொடவில்லை என்றாள். அக்கா சிரித்தாள். மறுவாரம் காற்று அழுத்தும் இயந்திரத்தைப் பிரித்தபோது, அதிலிருந்து ஸ்ப்ரே துப்பாக்கிக்குப் போகும் குழாயில் எண்ணெய் கசிந்திருந்தது தெரிந்தது. ஸ்ப்ரேக்காரர் ஓடிவந்து சொன்னார். "அப்படியா, மாத்திடுங்க" என்றாள் அக்கா. குழாயை மாற்றினார்கள். சொன்ன சொல்லை யாரும் மாற்றவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. பிறகு தங்கை வேறு வழி பிடித்தாள். ஸ்ப்ரே அறையையே மூடிவிடலாம், மூடிகளை வெளியே முலாம் தொட்டிக்காரரிடம் அனுப்பி நிஜ உலோகமே ஏற்றி வாங்கலாம், கையில் எடுத்தால் கனமும் இருக்கும், என்றாள். ஸ்ப்ரே அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அது தன் அடிமடியில் கைவைத்த மாதிரி. கடைசியில், ஸ்ப்ரேக்காரர் இங்குமங்கும் நடந்து கால் வலித்த பிறகு, ஒரு முடிவுக்கு வந்தார்கள். சென்ட் கம்பெனி அம்மா புதிய பாட்டிலுக்கு மூடி பார்க்க வருகிறாள். யாருடைய மாதிரி தேறுகிறதோ அவள் இருப்பாள். மற்றவள் தன் பங்கை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும்.

அந்த அம்மா இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவாள். அக்கா பூச்சைக் காய வைக்கும் அடுப்பறைக்குப் போனாள்.

அவளுடைய வேலை இப்படி. மூடிகளை ஒரு நீண்ட கோலில் வரிசையாகக் குத்தி நிறுத்தி, முதலில் கண்ணாடி போன்ற அடிப்பூச்சு அடித்துச் சூட்டில் காய வைப்பாள். பிறகு அந்தக் கோலைப் பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், உள்ளே கம்பிச் சுருளில் தொங்கும் அலுமினியத் துண்டு பழுத்து, ஆவியாகி, மூடிகளின் மேல் படிந்துவிடும். வெளியே வரும்போது வெள்ளிக் கண்ணாடி. அதன் மேல் மஞ்சள் கலந்த மேல்பூச்சு அடித்தால் தங்கம். இந்த வாடிக்கைக்காகவே அக்கா புதிதாக ஒரு மஞ்சள் கலந்திருந்தாள். பித்தளை வாடை அடிக்காத, கொஞ்சம் வெளிறிய மஞ்சள். அடிப்பூச்சு காய்ந்த பிறகு கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்பது அங்கே தரை கூட்டுகிறவளுக்கும் தெரியும். தொட்டால் விரலின் பிசுக்கு அப்படியே உலோகத்துக்குக் கீழே தங்கிவிடும். துடைக்க முடியாது, சுரண்ட முடியாது.

அடுப்பைத் திறந்து கோலை எடுத்தாள். நிறம் அவள் நினைத்தபடியே வந்திருந்தது. சாய்த்துப் பார்த்தாள்.

ஒவ்வொரு மூடியின் தலையிலும், நட்ட நடுவில், கைநாட்டு வைத்த மாதிரி ஒரு கட்டைவிரல் ரேகை. தவறிப் பட்டதல்ல. ஒன்றுகூட விட்டுப்போகாமல் நிதானமாக அழுத்தியிருந்தது. சுழித்த ரேகைகளைக் குறுக்கே ஒரு கோடு வெட்டிக்கொண்டு போனது, இரண்டு பக்கமும் தையல் போட்ட தடத்தோடு. அந்தத் தையல் அக்காவுக்குத் தெரியும். தொழில் தொடங்கிய புதிதில் கோல் கம்பி கிழித்து டாக்டர் தைத்தபோது, தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "கத்தாதடி, மானம் போகுது" என்று திட்டியவள் அவள்தான்.

"பீப்பாயில இருந்து எடுக்கும்போதே பாத்திருப்பீங்களே?" என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் பின்னால் நின்றிருந்த ஸ்ப்ரேக்காரரைப் பயமுறுத்தியது.

"பாத்தேன்கா. மஞ்ச ஏறினா மறைஞ்சிடும்னு நெனச்சேன்."

"மறையுமா?"

"மறையாதுதான்."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"சொன்னா அடுத்து யார் செஞ்சதுன்னு கேப்பீங்க. அதையும் நான்தானே போய்ச் சொல்லணும்."

தங்கை ஆபீஸ் அறையில் அந்த ஜன்னலோர மேசையில் தன் முலாம் மூடியை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கோலை அவள் முன்னால் போட்டாள். மூடிகள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன.

"கைய நீட்டுடி."

ஸ்ப்ரேக்காரர் பழக்க தோஷத்தில் தங்கையின் பக்கம் திரும்பினார். "சின்னக்கா, பெரியக்கா கைய நீட்ட..."

"நீங்க சும்மா இருங்க. இது நேராக் கேக்க வேண்டியது."

தங்கை துணியை மடித்து வைத்தாள். கையை நீட்டவில்லை. "எதுக்கு நீட்டணும்? தையல் வரைக்கும் விழுந்திருக்கே. நல்லாத்தான் பூசியிருக்க."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"அன்னிக்குத் தொடாமலே தொட்டேன்னு பேர் வாங்கினேன். எல்லார் முன்னாடியும். அந்தப் பேர் இன்னும் எங்கிட்டதான் இருக்கு, நீ திருப்பி வாங்கிக்கல. அதான், இருக்கிற பேருக்கு ஏத்த மாதிரி ஒரு தடவ தொட்டுப் பாத்தேன்."

"இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

"இன்னும் இல்ல. நீ பையத் தூக்கிட்டு வாசல் தாண்டும்போது குளிரும்."

"பாவி."

"உன்கூடப் பொறந்தவதானே."

ஸ்ப்ரேக்காரர் இடையில் வந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் சொந்தப் பேச்சைப் பேசினார். "ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு என் பொழப்புல மண்ணப் போட்டுடாதீங்க. பெரியக்கா, போன தடவ அடிச்ச மூடியில ஒண்ணு அலமாரியில கெடக்கு. அத வச்சிடலாம்."

"அது வேற மஞ்சள்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஒண்ணும் வைக்காதீங்க."

"வைக்கலேன்னா இவ ஜெயிச்சா." அக்கா கோலிலிருந்து ஒரு மூடியைத் திருகி எடுத்தாள். ரேகை மிகத் தெளிவாக விழுந்திருந்த மூடி. அதைத் தேடித்தான் எடுத்தாள்.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சென்ட் கம்பெனி அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியபடி வந்தாள். உட்காருவதற்கு முன்பே கைப்பையிலிருந்து தன் பழைய மூடியை எடுத்து மேசையில் வைத்தாள். தங்கத் தாளைச் சூடாக அழுத்தி ஒட்டியது. விளிம்பில் தாள் உரிந்து, உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லிளித்தது. "இதப் பாருங்க. வாங்கினவங்க போன் பண்ணித் திட்டுறாங்க. எனக்கு உரியக் கூடாது, அவ்வளவுதான்." பிறகு சிறு பாட்டில் ஒன்றை எடுத்துத் தன் சென்ட்டையே துணியில் நனைத்தாள். அறை முழுக்க மணத்தது. முலாம் மூடியை அழுத்தித் தேய்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு. பாட்டில் சாயாம நிக்குமான்னு பாக்கணும்" என்றாள். அக்காவின் மூடியை எடுத்துப் பக்கவாட்டில் தேய்த்தாள், இன்னும் அழுத்தி. மஞ்சள் துணியில் ஒட்டவில்லை. "அட, நிறம் அருமை. இதுதான் நான் தேடினது" என்று அதைத் திருப்பியவள் நின்றாள்.

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். துணியால் துடைத்தாள். நகத்தால் கீறினாள். மறுபடியும் துடைத்தாள்.

"விரல் ரேகையா இது? உள்ளயா இருக்கு? யாரோடது?"

அக்காவின் பார்வை ஸ்ப்ரேக்காரரின் கைக்குப் போனது. மஞ்சள் ஊறி நகமே தெரியாத கை. தங்கையின் பார்வையும் அதே நேரம் அங்கேதான் போனது. 'வேலையாள் தெரியாம தொட்டுட்டார்' என்று ஒரு வார்த்தை. புதிதாக வேறு மூடி செய்து தருகிறோம் என்று இன்னொன்று போதும். இரண்டு வருஷத்தில் இருவரும் ஒன்றாக நினைத்தது அது ஒன்றைத்தான். ஸ்ப்ரேக்காரர் இரு பார்வைகளையும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவர் இல்ல," என்றாள் அக்கா. பிறகு சென்ட் கம்பெனி அம்மாவை நேராகப் பார்த்து, "அவங்களையே கேளுங்க" என்றாள்.

அந்த அம்மா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்ப்ரே ரூம் அவங்க பொறுப்பு," என்றாள் தங்கை. "அங்க நடக்கிறதுக்கு அவங்கதான் பதில் சொல்லணும். கேட்டுச் சொல்லுங்க."

"கைய நீட்டச் சொல்லுங்க."

"எதுக்கு நீட்டணும்னு கேளுங்க."

சென்ட் கம்பெனி அம்மாவின் கழுத்து இடமும் வலமும் திரும்பியது. ஸ்ப்ரேக்காரர் மெதுவாகப் பின்வாங்கிக் கதவோரம் போய் நின்றுகொண்டார். அந்த அம்மா எதுவும் கேட்காமல், மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மூடியின் தலையில் பட்ட வெயில் திரும்பிச் சுவரில் ஒரு மஞ்சள் வட்டமாக விழுந்தது, நடுவில் மங்கலான ஒரு கறையோடு. அவள் மூடியைச் சாய்க்கச் சாய்க்க அந்த வட்டம் அலமாரியில் ஏறி, அக்காவின் தோளைக் கடந்து, மேசை விளிம்பு வழியாக நழுவி, தங்கையின் மூடிய கைமேல் வந்து நின்றது. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. தங்கை கையை நகர்த்தவும் இல்லை, திறக்கவும் இல்லை.