மேக்கப் போட வந்தவள்

என் காதலனைத் தேடி என் அண்ணன் பாண்டியராஜன் கோவில்பட்டி முழுக்க அலைந்தான். மொபைல் கடை, ஜிம், பஸ் ஸ்டாண்ட் என்று எதையும் விடவில்லை. எப்படிக் கிடைப்பான்? அப்படி ஒருவன் இருந்தால்தானே! மொட்டை மாடியில் நான் போனில் கொஞ்சிப் பேசியதைக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான். போனை உடைத்து, வேலையை நிறுத்தி, "எவன்ட்டி அவன்?" என்று அடித்தபோதெல்லாம், "எவனும் இல்லண்ணே" என்று உண்மையைத்தான் சொன்னேன். உண்மைக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை.

ஆடியிலிருந்து புதூர்ப் பக்கத்து எங்கள் வீட்டின் பின்னறைதான் எனக்கு உலகம். காவலுக்கு அப்பாவின் அக்கா வெயிலுகந்தம்மாள். புருஷன் போய், பிள்ளையும் இல்லாத அத்தை. பெண்ணைப் பூட்டி வைக்கிற வீடுகளுக்கு இப்படி ஒரு அத்தை எப்படியோ அமைந்துவிடுகிறாள்.

இதற்கிடையில் எட்டயபுரத்தில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைக்க நாளும் குறித்துவிட்டார்கள். போட்டோவைப் பார்த்து "பொண்ணு கறுப்போ?" என்று அவர்கள் இழுத்தார்களாம். நான் கறுப்புதான், நல்ல கரிசல் கறுப்பு. அண்ணனுக்கு அவமானமாகப் போய்விட்டது. கோவில்பட்டியிலேயே பெயர் போன பியூட்டிஷியனைக் கார் வைத்து அழைத்துவந்தான்.

பெட்டியோடு உள்ளே நுழைந்தவள் சுதாராணி. என் சுதா, அன்று மொட்டை மாடியில் நான் போனில் கொஞ்சியவள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

ஏதாவது ஏற்பாட்டோடு வந்திருப்பாள், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்வாள் என நினைத்தேன். வாசலில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் நின்றார்கள். அவளிடம் மேக்கப் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

"கண்ண மூடுங்கக்கா" என்றாள். என்னை அக்கா என்றது அதுதான் முதல் தடவை.

"நல்லா வெள்ளையா அடிச்சு விடு தாயி" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தை, சுவருக்குச் சொல்வதைப்போல.

சுதாவின் விரல் என் மோவாய்க்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கே கன்றிப்போயிருந்தது.

"வழுக்கி விழுந்துட்டா" என்றாள் அத்தை.

சுதா காயத்தைச் சுற்றி, வலிக்காமல், விரல் நுனியால் கிரீம் தடவினாள். பிறகு குனிந்து அதன்மேல் மெல்ல ஊதினாள். இத்தனை மாதமும் என் உடம்பில் பட்டதெல்லாம் அடிதான். கைக்கு இப்படியும் தொடத் தெரியும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் துடைத்தாள், மறுபடி கொட்டியது, மறுபடி துடைத்தாள்.

"ஒங்களுக்கு எப்படி வேணும், சொல்லுங்க. அப்படியே செய்யுதேன்" என்றாள்.

எனக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என் கலரே போதும். இந்தக் காயத்தையும் மறைக்காத."

அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஆனாலும் மறைக்கவில்லை. "கூறு கெட்டவளே!" என்று அத்தை கத்தினாள். கத்தினாளே தவிர எழுந்து வரவில்லை. சுதாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள், "மோவாயில என்னம்மா?"

"எங்க அண்ணன் அடிச்சது. எனக்குக் கல்யாணம் வேண்டாம். நாள் குறிச்ச அன்னைக்கும் வேண்டாம்னுதான் சொன்னேன், இன்னைக்கும் வேண்டாம்."

என் குரல் உடையவில்லை. பூத்தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. சுதாவைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதன்பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினான். முகத்தைக் காப்பாற்றக் கைகளை நீட்டினேன். அடி முழுக்கக் கைகளில் விழுந்தது. மறுபடியும் அதே அறை.

பொழுது சாயும் நேரம் அத்தை சோற்றுத்தட்டோடு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள்.

"நாப்பது வருசம் குடும்பம் நடத்துனேன்" என்றாள். "அந்தப் புள்ள ஒன் மூஞ்சியத் தொட்டாளே, அப்படி எம் மூஞ்சிய ஒருத்தரும் தொட்டதில்லட்டி."

அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடியிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினாள்.

"அவ நம்பர் தெரியுமா?"

மனப்பாடம். வாங்கப் போனேன். வீங்கிய விரல்கள் மடங்கவில்லை.

அத்தை போனைத் தன் பக்கம் திருப்பிக் கண்ணருகே வைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லு. நா அமுக்குதேன்."